பூட்டியவளே திறக்கட்டும்

நான் சொல்லப்போவது என்னவென்று முன்கூட்டியே தெரிந்திருந்தும், நாற்காலியை விட்டு எழுந்து ஓடாமல், இந்த அவைக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் நம் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே. ஒலிவாங்கியைத் தட்டித் தட்டியே அதற்கு உயிர் கொடுத்த செயலாளர் அவர்களே. லிஃப்டைப் பழுதுபார்க்க வேண்டியவர் மேடையில் மாலையோடு அமர்ந்துவிட்டதால், மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்திருக்கும் மூத்தோர்களே. அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தை நெஞ்சிலும், எனக்கான புன்னகையை முகத்திலும் சுமந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே. கைப்பேசியைக் கீழே வைக்காமலேயே கைதட்டும் கலையைக் கற்றுத் தேர்ந்த இளைஞர்களே. நாற்காலிகளுக்கு அடியில் நாடு பிடித்து விளையாடும் குழந்தைகளே. என் இடப்பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையும் இறுகிய முகமுமாக அமர்ந்திருக்கும் இன்றைய விழா நாயகர், என் கணவர் அவர்களே. உங்கள் அனைவருக்கும் என் அன்பு கலந்த வணக்கம்.

இரண்டு வார்த்தை பேசச் சொல்லித்தான் அழைத்தார்கள். நான் திரைச்சீலை தைப்பவள். துணியை அளந்து வெட்டத் தெரியும், பேச்சை அளந்து வெட்டத் தெரியாது. அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று என் கணவருக்கு ஒரு கோப்பை வழங்கப் போகிறார்கள். விளையாட்டின் வழியே தம் குழந்தைக்கு டிஜிட்டல் நாணயத்தை அறிமுகம் செய்த சிறந்த தந்தை என்று அந்தக் கோப்பையில் பொறித்திருக்கிறார்கள். எவ்வளவு பெரிய பட்டம் பாருங்கள். இந்தப் பட்டத்தை முடிவு செய்த குழு, எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி என்னை ஒரு வார்த்தை கேட்டதா? கேட்கவில்லை. என் மகளைக் கேட்டதா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்று ஒரு கோப்பைச் செலவு மிச்சமாகியிருக்கும்.

எல்லாம் இதே மண்டபத்தில்தான் தொடங்கியது. தலைவர் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார். வருங்காலம் வாசலில் வந்து நிற்கிறது என்றார். கண்ணால் காண முடியாத காசு, கையால் தொட முடியாத காசு, பையில் குலுங்காத காசு, அந்தக் காசுதான் நாளைய உலகை ஆளும் என்றார். எனக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் இருக்கும் காசும் அப்படித்தான், கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் அகப்படாது.

சிரிக்காதீர்கள் அம்மா, உங்கள் வீட்டிலும் அதே கதைதான் என்று எனக்குத் தெரியும்.

வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்த என் கணவர், மனிதராக வரவில்லை, நிதியமைச்சராக வந்தார். எங்கள் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இந்தக் குடியிருப்பு முழுக்க அவளை வாண்டு என்றுதான் கூப்பிடும். அன்று முதல் வாண்டுவுக்கு வீட்டுக் காசு அறிமுகமானது. பல் தேய்த்தால் கைப்பேசியில் ஒரு காசு ஏறும். செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்கினால் இரண்டு காசு. பாடத்தை ஒழுங்காக எழுதினால் மூன்று காசு. மிட்டாயும் கார்ட்டூனும் அந்தக் காசுக்குத்தான் கிடைக்கும். காசின் அருமை தெரியட்டும் என்றார்.

தெரிந்தது ஐயா, நன்றாகவே தெரிந்தது. ஒரு காலையில் இவருடைய மூக்குக்கண்ணாடி காணாமல் போனது. வேலைக்கு நேரமாகிறது. வாண்டு சோபாவில் சாய்ந்துகொண்டு, தேடித் தருவதற்கு ஐந்து காசு என்றாள். நேற்று இரண்டுதானே என்று இவர் பரிதாபமாகக் கேட்டார். நேற்று உங்களுக்கு அவசரம் இல்லையே என்றாள். தேவை கூடினால் விலை கூடும் என்று பாடம் நடத்தியவர், பாடத்துக்கான கட்டணத்தைச் செலுத்திவிட்டுக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு போனார்.

அதோடு நின்றிருந்தால் நான் இன்று துணி வெட்டிக்கொண்டிருப்பேன். அடுத்து ஒரு விளையாட்டு வந்தது. அதற்கு அவர் சூட்டிய பெயர், மந்திரச் சொல். டிஜிட்டல் நாணயம் வைக்கும் பணப்பைக்குச் சாவி கிடையாதாம். பன்னிரண்டு சொற்கள்தான் சாவியாம். கைப்பேசி தொலைந்தாலும், அந்தப் பன்னிரண்டையும் வரிசை மாறாமல் வேறொரு கைப்பேசியில் தட்டினால் பை திறந்துவிடுமாம். அந்தச் சொற்கள் யார் காதில் விழுகின்றனவோ, காசு அவருக்குச் சொந்தமாம். ஆகவே ஆறு சொல் அப்பாவுக்கு, ஆறு சொல் மகளுக்கு என்று பிரித்தார்.

ஏன் பிரித்தார் என்று கேட்பீர்கள். அவர் லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. லிஃப்ட் குழிக்குள் இறங்கும் ஒவ்வொருவரும், மேலே இருக்கும் மின்சுவிட்சில் தம் சொந்தப் பூட்டை மாட்டிவிட்டு, சாவியைத் தம் பையிலேயே வைத்துக்கொண்டு இறங்குவார்கள். மூன்று பேர் இறங்கினால் மூன்று பூட்டு. ஒருவர் பூட்டை இன்னொருவர் தொடக்கூடாது. முதலாளியே வந்து நின்று கத்தினாலும் பூட்டியவர் கையால்தான் திறக்க வேண்டும். கீழே இருப்பது ஓர் உயிர் அல்லவா? அந்த ஒழுங்கை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அது நல்ல யோசனைதான், நல்லதை நல்லது என்று சொல்லிவிடுகிறேன்.

சொற்களை மனப்பாடம் செய்ததும் சீட்டைக் கிழித்துவிட வேண்டும் என்பது விதி. வாண்டு தன் சீட்டைப் பொடிப்பொடியாகக் கிழித்து, கழிப்பறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். இவர் நகல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. கொள்கைவாதி அல்லவா? கைதட்டினார். மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

அதற்கும் மேலே ஒரு விளையாட்டு, மர்ம அழைப்பு. இவர் பால்கனியில் ஒளிந்துகொண்டு, குரலை மாற்றி, என் கைப்பேசிக்கு அழைப்பார். ஒரு நாள் வங்கி மேலாளர், ஒரு நாள் காவல் அதிகாரி, ஒரு நாள் பள்ளித் தலைமையாசிரியை. தலைமையாசிரியை குரலில் இவர் பேசியதைக் கேட்டு எதிர்வீட்டு நாய் குரைத்தது. எந்தக் குரலில் கேட்டாலும் ஆறு சொற்களைச் சொல்லாமல் அழைப்பைத் துண்டித்தால் வாண்டுவுக்கு ஒரு நட்சத்திரம். கெஞ்சினாலும் துண்டிக்க வேண்டும், மிரட்டினாலும் துண்டிக்க வேண்டும். அப்பாவே நேரில் வந்து நின்று கேட்டாலும் சொல்லக்கூடாது. அது இவரே போட்ட விதி. பீரோவின் கதவு முழுக்க நட்சத்திரம் ஒட்டி, எங்கள் வீட்டில் பகலிலேயே வானம் தெரிந்தது.

இங்கேதான், அன்பு நிறைந்தவர்களே, நீங்கள் என் கணவரின் மதிநுட்பத்தை வியக்க வேண்டும். விளையாட்டுப் பை என்றுதானே நானும் என் மகளும் நினைத்தோம்? அதற்குள் இருந்தது நிஜப் பணம். யார் பணம்? என் பணம். ஜன்னல் ஜன்னலாக அளந்து, மீட்டர் மீட்டராக வெட்டி, இடுப்பு ஒடிய ஓரம் தைத்து, ஒரு புது பவர் தையல் மெஷின் வாங்க நான் சேர்த்து வைத்த பணம். அந்த மெஷின் இருந்தால்தான் ஒரு பள்ளிக்கூடத்துத் திரைச்சீலை ஆர்டரை நான் ஏற்க முடியும். அந்தப் பணத்தை எனக்கு இன்ப அதிர்ச்சி கொடுப்பதற்காக, எனக்கே தெரியாமல், டிஜிட்டல் நாணயமாக மாற்றி வைத்திருந்தார். அதிர்ச்சி கிடைத்தது. இன்பம்தான் வழியில் எங்கோ இறங்கிக்கொண்டது.

எனக்கு எப்படித் தெரியவந்தது? ஒரு நாள் வேலையிடத்தில் இவர் லிஃப்ட் வாசலில் குனிந்தபோது, சட்டைப் பையில் இருந்த கைப்பேசி நேராகக் குழிக்குள் விழுந்து தூள்தூளானது. புதுக் கைப்பேசி வாங்கினார். பணப்பையைத் திறக்க வேண்டும் என்றால் பன்னிரண்டு சொல் வேண்டும் என்றது அது. அன்று மாலை என்னிடம் வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டேன், ஏதோ முழுகிவிட்டது என்று. விஷயத்தைச் சொன்னார். நான் என்ன பேசினேன் என்பதை இந்த ஒலிபெருக்கி தாங்காது.

இப்போதாவது மகளைக் கூப்பிட்டாரா? இல்லை. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் உதவி கேட்டார். நம் தலைவர் உடனே ஓர் எண்ணை அனுப்பினார். தங்கமான மனிதர், கேட்டதும் உதவுவார் என்று குறிப்பும் எழுதினார். அந்தத் தங்கத்தை இவர் அழைத்தார். உதவி அதிகாரி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அந்தக் குரலில் தேன் ஒழுகியது. நீங்கள் தட்டினால் தவறாகிவிடும், தவறினால் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், என்னிடம் சொல்லுங்கள், நானே திறந்து தருகிறேன் என்றது. பால்கனியில் நின்றுகொண்டு எத்தனை குரலில் இவர் நடித்தார்? எத்தனை எச்சரிக்கை செய்தார்? எத்தனை நட்சத்திரம் ஒட்டினார்? அத்தனையும் செய்த மேதை, தம் ஆறு சொற்களையும் பள்ளிப் பிள்ளை போல ஒப்புவித்துவிட்டு, மிச்சம் ஆறையும் வாங்கித் தருகிறேன் சார் என்றார்.

மறுநாள் காலை நான் என் தையல் கடைக்குக் கிளம்பிவிட்டேன். விடுமுறை நாள். அப்பாவும் மகளும் வீட்டில். சொல்லு வாண்டு என்று இவர் கேட்டிருக்கிறார். அவள் சிரித்திருக்கிறாள். கெஞ்சியிருக்கிறார். கண் கலங்கியிருக்கிறார். அதற்கு அவள் சொன்னது என்ன தெரியுமா?

"அப்பா, இந்தத் தடவை ரொம்ப நல்லா நடிக்கிறீங்க. கண்ணீர்கூட வருது."

இதுதான் கடைசிக் கட்டம், ரொம்பக் கஷ்டமான கட்டம் என்று அவள் நினைத்துவிட்டாள். இவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இது விளையாட்டில்லை, நிஜம், அம்மாவோட பணம், எல்லாமே நிஜம் என்று கத்தியிருக்கிறார். அந்தக் குழந்தை திருப்பிக் கேட்டிருக்கிறாள்.

"நிஜம்னா இன்னும் சொல்லக்கூடாதுல்லப்பா?"

கைதட்டாதீர்கள், தயவுசெய்து கைதட்டாதீர்கள். அவள் அதைச் சொன்னபோது அங்கே யாரும் கைதட்டவில்லை. நட்சத்திரம் ஒட்டிய கை, நட்சத்திரங்களைப் பிய்த்துப் போட்டது. அடம் பிடிக்கிற பெண் என்றார், சொல் பேச்சுக் கேட்காத பெண் என்றார். இனிமேல் உன்னோடு விளையாடவே மாட்டேன் என்றார். என் மகள் கூடத்துத் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அதே நேரம் என் கடைக்குத் தலைவரின் மனைவி வந்தார். தம் வீட்டு வரவேற்பறைக்குக் கொடுத்திருந்த திரைச்சீலை ஆர்டரை ரத்து செய்ய வந்தார். ஏன் அக்கா என்று கேட்டேன். வெயில் உடம்புக்கு நல்லதுதானே, வீட்டுக்குள் வரட்டும் என்றார். வெயிலை வரவேற்கிறவர் கண்ணில் எதற்குத் தண்ணீர்? ஸ்டூலைத் தள்ளிப் போட்டு உட்கார வைத்தேன். அந்தத் தங்கமான மனிதர், முதல் நாள் இரவே தலைவரிடமும் சொற்களைக் கேட்டாராம். எங்கள் வீட்டில் சொற்கள் இரண்டு பேரிடம் இருந்தன. தலைவர் வீட்டில் பன்னிரண்டும் தலைவரிடமே இருந்தன. அவர் சொல்லி முடித்துத் தண்ணீர் குடித்து டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பை துடைத்து வைத்தாற்போல் காலி. வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார். இதை மேடையில் சொல்ல அவரே எனக்கு அனுமதி கொடுத்தார். வேறு எவருக்கும் நேரக்கூடாது என்று கொடுத்தார். அந்தப் பெருந்தன்மைக்குத் தலைவணங்குகிறேன் தலைவரே, நீங்கள் மின்விசிறியைப் பார்த்தது போதும், பார்வையைக் கீழே இறக்குங்கள்.

கத்தரிக்கோலை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கடையைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை. வீட்டுக்குள் நுழைந்தால், கூடத்தில் இவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். கையில் கைப்பேசி, மறுமுனையில் தங்கம் பொறுமையாகக் காத்திருக்கிறது. திரைச்சீலைக்குக் கீழே இரண்டு சின்னப் பாதங்கள். நான் விலக்கிப் பார்த்தேன். அழுது அழுது முகம் வீங்கி, வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, சொல்லிட்டா அப்பா மறுபடியும் என்கூட விளையாடுவாரா?"

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சுலபமாகச் சொல்வார்கள். என் பணத்தை நான் சுலபமாக நினைத்தவள் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு மெஷினும் மறந்தது, ஆர்டரும் மறந்தது. ஒரு குழந்தையிடமிருந்து அவளுடைய மிகப் பெரிய சொத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, நாம் விலை பேசிக்கொண்டிருந்தோம். அவள் மட்டும் அசைந்திருந்தால்? ஒரே ஒரு நிமிடம், அப்பாவின் முகத்துக்காக, அந்த ஆறு சொற்களையும் உதிர்த்திருந்தால்?

கைப்பேசியை வாங்கினேன். "சார், எங்க வீட்டு அதிகாரி இரண்டாம் வகுப்பு படிக்கிறாங்க. அவங்க மாட்டேன்னுட்டாங்க" என்று சொல்லித் துண்டித்தேன். தலைவர் வீட்டுச் செய்தியைச் சொன்னேன்.

பிறகு ஒன்று கேட்டேன். உங்கள் வேலையில் பூட்டு மாட்டியவர் வராவிட்டால் என்ன செய்வீர்கள்? வரும்வரை காத்திருப்போம் என்றார். வந்தால்? அவர் கையாலேயே திறப்பார் என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. நான் என் மகளிடம் திரும்பி, சொல்ல வேண்டாம், நீயே வந்து தட்டுகிறாயா என்று கேட்டேன்.

"தட்டறேனே. சொல்லத்தானே கூடாது."

அவ்வளவுதான் ஐயா, அவ்வளவேதான். முதல் நாளே கேட்டிருந்தால் முடிந்துபோகும் வேலை. இவர் தம் ஆறு சொற்களையும் தட்டினார். அடுத்து வாண்டு வந்தாள். எங்கள் இருவரையும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னாள். அலமாரியில் இருந்த கரடி பொம்மையையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். ஒரு கையால் மறைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். பை திறந்தது. உள்ளே இருந்ததை அப்போதே வங்கிக்கு மாற்றினோம். வருங்காலத்தின் காசு அதற்குள் விலை இறங்கியிருந்ததால், புது மெஷின் வாங்கவிருந்த நான் பழைய மெஷின் ஒன்றை வாங்கினேன். அதில்தான் அந்தப் பள்ளிக்கூடத்துத் திரைச்சீலைகளைத் தைத்து முடித்தேன்.

என்ன அண்ணா, பின்னால் என்ன கேட்கிறீர்கள்? டிஜிட்டல் காசே வேண்டாம் என்கிறேனா? நான் அப்படிச் சொல்லவே இல்லை. விளையாட்டு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த விளையாட்டுதானே எங்களைக் காப்பாற்றியது? கற்றுக்கொடுங்கள், தாராளமாகக் கற்றுக்கொடுங்கள். ஆனால் எனக்கு ஒரு கேள்வி உண்டு, இந்த மண்டபத்துக்கே கேட்கிறேன். மறுக்கக் கற்றுக்கொடுத்தோமே, அந்த மறுப்பு நம் பக்கம் திரும்பி வந்தபோது தாங்கக் கற்றோமா? அந்நியனிடம் மாட்டேன் என்றால் கெட்டிக்காரி, அப்பாவிடம் மாட்டேன் என்றால் அடங்காப்பிடாரியா? ஊரார் கேட்டால் வாயை மூடு, வீட்டார் கேட்டால் வாயைத் திற என்று ஒரே வாய்க்கு இரண்டு விதியா? நாம் பயந்து நிற்கும் நேரத்தில், நாம் பதறி நிற்கும் நேரத்தில், நாம் ஏமாந்து நிற்கும் நேரத்தில், நம்மிடமிருந்தே நம்மைக் காப்பாற்ற ஒரு குழந்தை மாட்டேன் என்று நின்றால், அவளுக்கு நாம் கொடுக்கும் கூலி பிய்த்துப் போட்ட நட்சத்திரங்கள்தானா?

மாட்டேன் என்று சொன்ன பிறகும் அன்பு குறையாது என்று தெரிந்த குழந்தைதான் துணிந்து மாட்டேன் என்று சொல்லும். என் மகளுக்கு அது தெரியாது. தெரியாமலேயே, அப்பாவின் அன்பு போனாலும் போகட்டும் என்று அழுதுகொண்டே நின்றாள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு வலிக்கிறது.

கோப்பை யாருக்கு என்று நான் கேட்க வந்தேன். கேட்பதற்குள் இதோ விழா நாயகர் கோப்பையை மேசையிலிருந்து எடுத்துவிட்டார். தலைவரே, தடுக்க வேண்டாம், விடுங்கள். மேடையை விட்டு இறங்குகிறார். வாண்டு உட்கார்ந்திருக்கும் மூன்றாவது வரிசைக்குப் போகிறார். கோப்பையை அவள் கையில் கொடுத்து, மாலையைக் கழற்றி அவள் கழுத்தில் போடுகிறார், அது அவள் முழங்காலைத் தாண்டித் தொங்குகிறது. செயலாளரே, அந்த இன்னொரு ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள். அவர் என்ன கேட்கிறார் என்று எல்லாரும் கேளுங்கள்.

அந்தப் பை இப்போது காலிதானே வாண்டு, அந்த ஆறில் ஒன்றே ஒன்றை அப்பா காதில் மட்டும் சொல்கிறாயா என்று கேட்கிறார்.

அவள் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டாள். அவர்தான் முதலில் கைதட்டுகிறார்.

இப்போது நீங்களும் தட்டலாம். இந்தச் சத்தத்தை அவள் கேட்க வேண்டும் என்றுதான் இவ்வளவு நேரம் உங்கள் பொறுமையைச் சோதித்தேன். பேச இடம் தந்த சங்கத்துக்கும், தம் இழப்பை எல்லாருக்கும் பாடமாகத் தந்த தலைவருக்கும், திட்டு வாங்குவோம் என்று தெரிந்தே மேடையேறிய என் கணவருக்கும், அடுப்பை மறந்து அமர்ந்திருந்த தாய்மார்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வீட்டுக்குப் போய் அடுப்பைப் பாருங்கள், பிள்ளைகளோடு விளையாடுங்கள். வணக்கம்.